பள்ளிச் சிறுவர்களின் பாத அமைப்பும் உடல் நிலையும்

ஈரக் காலுடன் சிமெண்டுத் தரையில் நடந்து செல்பவரின் காலடித் தடம் அவருடைய பாத அமைப்பை ஓரளவு காட்டிவிடும். வளர்ந்தவரின் தடத்தில் குதிகாலுக்கும் விரலடிக்கும் இடையே உட்புறம் வெறுமையாக இருக்கும். வெளி ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை பதியும். நான்கு வயதுக் குழந்தையின் தடமோ பல வேளைகளில் முழுமையாகவே பதிகிறது. இதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் பலர். உலோகத் தகடு பதித்த காலணி, தோல் மெத்தை என்று பணத்தைச் செலவிடுவோரும் உண்டு. அதே வேளையில், உண்மையாகவே மருத்துவம் தேவைப்படும் குழந்தை எவர் கண்ணிலும் படாமல் வகுப்புக்கு வகுப்பு ஏறிச் செல்கிறது. இயல்பான வளர்ச்சி நிலை எது, நோயின் அறிகுறி எது என்று பிரித்தறிவதே பள்ளி உடல்நலப் பணியின் முதல் வேலையாகும்.

பாத வளைவு உருவாகும் விதம்

மனிதப் பாதம் 26 எலும்புகளால் ஆனது. இவை ஒன்றோடொன்று மூட்டுகளால் பொருந்தி, இணைப்பு நார்களால் கட்டப்பட்டு, உட்புறத்தில் ஒரு வில்போல உயர்ந்து நிற்கின்றன. இந்த வில் அசையாத கல் வளைவன்று. காலைத் தரையில் ஊன்றும்போது சற்றே தாழ்ந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது; குதிகாலை உயர்த்தி உந்தும்போது இறுகி நெம்புகோலாகிறது. பெருவிரலை மேல்நோக்கி மடக்கினால் உள்ளங்காலில் ஓடும் வலிய நார்ப்பட்டை இழுபட்டு வளைவு தானே எழும்புவதை எவரும் தம் காலிலேயே பார்க்கலாம்.

கைக்குழந்தையின் உள்ளங்காலில் கொழுப்புத் திரள் நிறைந்திருக்கிறது. இணைப்பு நார்களும் தளர்ந்தவை. எனவே அப்பருவத்தில் பாதம் தட்டையாகத் தோன்றுவது இயற்கையே. வளைவு முதல் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக அமைகிறது. 3 முதல் 6 வயது வரையுள்ள 835 குழந்தைகளை ஆராய்ந்து ஆஸ்திரிய மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்குகின்றன. மூன்று வயதினரில் 54 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. ஆறு வயதினரில் அது 24 விழுக்காடாகக் குறைந்திருந்தது. நோய் எனத் தக்க தட்டைப் பாதம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. உடல் எடை மிகுந்த குழந்தைகளிடம் தட்டைப் பாதம் கூடுதலாகக் காணப்பட்டது என்பதையும் அவர்கள் குறித்துள்ளனர்.

மணிப்பால் ஆய்வுகள்

இத்துறையில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளுள் இரண்டு நம் நாட்டில், கர்நாடகத்தின் மணிப்பாலிலுள்ள கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவை. யு. பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகியோர் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்து ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினரிடம் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் திரிவோரில் 2.8 விழுக்காட்டினரிடமே அது காணப்பட்டது. காலணி அணிவோரிலும் வேறுபாடு இருந்தது: விரல்களை மூடும் ஷூ அணிந்தவரிடையே மிகுதி, செருப்பு அணிந்தவரிடையே குறைவு.

இத்தகைய கணக்கெடுப்பைப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது நியாயமே. ஷூ வாங்கித் தரும் குடும்பமும் வாங்க இயலாத குடும்பமும் உணவிலும் உழைப்பிலும் விளையாட்டிலும் வேறுபட்டவை அல்லவா? வேறுபாட்டிற்குக் காலணிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? 1995இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வு இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. எலும்பு வளர்ச்சி முடிந்த 1,846 பேரிடம், எந்த வயதில் காலணி அணியத் தொடங்கினர் என்று கேட்டறியப்பட்டது. ஆறு வயதுக்கு முன்பே தொடங்கியவரில் 3.24 விழுக்காட்டினருக்கும், 16 வயதில் தொடங்கியவரில் 1.75 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. சிறு வயதில் நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்கு மேல் காலணி அணிந்திருந்தவரிடம் அது மிகுந்திருந்தது. உடற்பருமன், இணைப்பு நார்த் தளர்ச்சி ஆகிய இரண்டின் பங்கைக் கழித்துப் பார்த்தபோதும் ஆறு வயதுக்கு முன் தொடங்கியவரிடையே விகிதம் உயர்ந்தே நின்றது. ஐயம் முற்றும் தீர்ந்ததென்று கூற இயலாவிடினும், மழலையர் வகுப்பிலேயே கறுப்பு ஷூவும் காலுறையும் கட்டாயமாக்கும் பள்ளிகள் எந்த நன்மையைக் கருதி அவ்வாறு செய்கின்றன என்று கேட்க இந்த அளவு சான்று போதும்.

காலணி வழங்கும் திட்டங்கள்

அப்படியானால் குழந்தைகளை வெறுங்காலுடன் விட்டுவிடலாமா? கூடாது. மலம் கலந்த ஈர மண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறும் காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகிறது. குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. முள், கண்ணாடித் துண்டு, கோடை வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலை ஆகியவற்றைச் சொல்லவே தேவையில்லை. காலணி என்பது ஏழைக் குழந்தைக்கு மானமும் ஆகும். ஆகவே அரசுகள் காலணி வழங்குவது சரியே. எத்தகைய காலணி, எந்த அளவில் என்பதே கேள்வி.

கர்நாடக அரசு 2015-16 கல்வியாண்டில், அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயில்வோருக்கு ஒரு ஜோடி ஷூவும் இரண்டு ஜோடிக் காலுறையும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. உத்தரப் பிரதேசத்தில் முன்பு பொருளாகவே வழங்கப்பட்ட காலணிக்கு மாற்றாக, 2021 முதல் பெற்றோரின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தப்படுகிறது. முதல் முறையில் கொள்முதல் செய்யும் குழுவும், இரண்டாவது முறையில் பெற்றோரும் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். குழந்தை நின்ற நிலையில்தான் பாதத்தை அளக்க வேண்டும். இரண்டு பாதங்களில் நீண்டதையே கணக்கில் கொள்ள வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அடித்தோல் கையால் வளைக்கக் கூடியதாயும் முன்பகுதி அகன்றதாயும் இருத்தல் நலம். பள்ளிப் பருவத்தில் பாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். ஜூன் மாதம் பொருந்திய ஷூ அடுத்த கோடைக்குள் விரல்களை நெருக்கும். வயதைக் கேட்டு அளவை ஊகித்து மொத்தமாக வாங்கும் வழக்கம் இதனாலேயே பயனற்றது. வெப்பமான மாவட்டங்களில், குறிப்பாகத் தொடக்க வகுப்புகளுக்கு, பின்வார் உள்ள செருப்பை ஷூவுக்கு மாற்றாக அனுமதிப்பது செலவையும் குறைக்கும். துப்புரவான விளையாட்டு மைதானம் உள்ள பள்ளியில் காலணியைக் கழற்றிவிட்டு ஓடியாடச் செய்தலையே மணிப்பால் ஆய்வாளர்களும் பரிந்துரைத்தனர்.

திருத்தும் காலணி என்ற பெயரில் விற்கப்படுபவை பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் டல்லஸ் நகர மருத்துவர்கள் ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பிரிவுகளாக்கி, சிலருக்குத் திருத்தும் காலணியும் உள்மெத்தையும் அளித்து, சிலருக்கு எதுவும் அளிக்காமல் மூன்றாண்டுகள் கவனித்து 1989இல் முடிவை வெளியிட்டனர். எல்லாப் பிரிவுகளிலும் பாதம் ஒரே அளவில் சீர்ப்பட்டிருந்தது. வளைவு தானே வந்ததற்குக் காலணி புகழ் பெறுகிறது என்றே கொள்ள வேண்டும்.

கவலைக்குரிய பாதத்தைக் கண்டறிய ஆசிரியருக்கும் இயலும். குழந்தையை முன்விரல்களில் எழும்பி நிற்கச் சொல்ல வேண்டும். அப்போது வளைவு தோன்றி, குதிகால் சற்று உள்நோக்கித் திரும்பினால் அது வளையும் தட்டைப் பாதம். வலி இல்லையேல் மருத்துவம் வேண்டியதில்லை. நம் இராணுவத்தின் மருத்துவ விதிகளும் இவ்வாறு வளைவு மீண்டும் தோன்றும், வலியற்ற, எளிதில் அசையும் பாதத்தை ஏற்றுக்கொள்கின்றன. எழும்பி நின்றும் வளைவு வராத விறைத்த பாதம், வலிக்கும் பாதம், ஒரு பக்கம் மட்டும் தட்டையான பாதம் ஆகியவை மருத்துவரிடம் செல்ல வேண்டியவை.

முழங்கால்கள்

முழங்கால்களுக்கும் இதே போன்ற வளர்ச்சி வரலாறு உண்டு. நடை பழகும் குழந்தையின் கால்கள் வில்போல வெளி வளைந்திருக்கும். மூன்று, நான்கு வயதில் நிலை மாறி முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும். ஏழு வயதளவில் ஏறக்குறைய நேராகிவிடும். அவ்வயதுக்குப் பின்னும் மிகுதியாகக் கோணியிருப்பின் ரிக்கெட்ஸ் போன்ற காரணங்களைத் தேட வேண்டும். ஒரே ஊரில் பல பிள்ளைகளுக்கு முழங்கால் முட்டினால் அவ்வூர்க் கிணற்றையும் ஐயுற வேண்டும். இன்று தெலங்கானாவிலுள்ள நல்கொண்டா பகுதியில் குடிநீரின் ஃபுளோரைடு மிகுதியால் சிறுவர்களுக்கு இக்கோணல் நேர்ந்ததை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1973இல் எடுத்துரைத்தனர். அங்கே தேவைப்பட்ட மருந்து மாற்றுக் குடிநீரே. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரையறை.

புத்தகச் சுமையும் முதுகும்

எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் நிகழ்த்திய தம் முதல் உரையைப் புத்தகப் பையின் சுமைக்கென்றே ஒதுக்கினார். நாள்தோறும் சுமப்பதால் குழந்தைகள் கூனி, கைகளை முன்னே தொங்கவிட்டு நடக்கின்றனர் என்பது அவருடைய வருத்தம். அதன்பின் அமைந்த பேராசிரியர் யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. பையின் எடையைவிடப் புரியாத பாடத்தின் சுமையே கொடியது என்று அக்குழு கூறிற்று. உண்மைதான், ஆயினும் தோள் அறிவது பையின் எடையையே.

முதுகில் சுமை ஏறியதும் உடலின் எடை மையம் பின்னே தள்ளப்படுகிறது. விழாமல் நிற்க உடல் இடுப்பிலிருந்து முன்சாய்கிறது. எதிரே பார்க்கத் தலை மேலும் முன்னே நீள்கிறது. ஒரு தோளில் மாட்டினால் அத்தோள் உயர்ந்து முதுகு பக்கவாட்டில் வளைகிறது. பையை இறக்கியதும் இந்நிலைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். புத்தகப் பை முதுகெலும்பை நிலையாகக் கோணலாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. களைப்பும் தோள் வலியும் முதுகு வலியும் ஏற்படுவதே, சுமையைக் குறைக்கப் போதிய காரணம்.

மத்திய அரசு 2018 நவம்பரில் வரம்புகளை அறிவித்தது: முதல் இரண்டு வகுப்புகளுக்கு 1.5 கிலோ, பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ. 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றது. 22 கிலோ எடையுள்ள சிறுமிக்கு 2.2 கிலோ, இதில் பையின் சொந்த எடையும் அடங்கும். பள்ளியிலேயே நல்ல குடிநீரும் உணவும் இருந்தால் தண்ணீர்ப் புட்டியும் சாப்பாட்டுப் பாத்திரமும் பையிலிருந்து இறங்கும். எடை பார்க்கும் கருவி வாங்குவதைவிடக் குடிநீர்க் குழாயைப் பழுது பார்ப்பதே பல பள்ளிகளில் விரைந்து பலன் தரும்.

இருக்கையும் கவனிக்கத்தக்கது. ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே உயர பெஞ்சு போடும் பள்ளியில் சிறு பிள்ளையின் கால்கள் அந்தரத்தில் தொங்கும். பாதம் முழுதும் தரையில் படியும்படி இருக்கையும், தோளை உயர்த்தாமல் முழங்கை அமரும்படி மேசையும் அமைதல் வேண்டும். தரையில் அமரும் வகுப்புகளில் ஒரு சாய்வுப் பலகை கொடுத்தால் கழுத்து குனிவது குறையும்.

பள்ளி மருத்துவ ஆய்வு

மாணவர் உடல்நல ஆய்வு பற்றிய சிந்தனை நம் நாட்டில் புதியதன்று. ரேணுகா ராய் குழு 1961இலேயே அறிக்கை அளித்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி, ஓர் ஆண் மருத்துவரும் ஒரு பெண் மருத்துவரும் அடங்கிய நடமாடும் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் செல்ல வேண்டும். தொடக்கத்தில் வகுக்கப்பட்ட 30 குறைபாடுகளின் பட்டியலில் பிறவிக் கோணல் பாதம், பிறவி இடுப்பு மூட்டுப் பிசகு, வைட்டமின் டி குறைவு ஆகியவை உள்ளன. முதுகுத்தண்டின் பக்கவாட்டு வளைவுக்கு அதில் தனியிடம் இல்லை. இது ஒரு குறையென்றே கருதுகிறேன். இவ்வளைவு பெரும்பாலும் பத்து வயதுக்குப் பின், வேகமாக வளரும் பருவத்தில் தோன்றுகிறது. பெண் குழந்தைகளிடமே மிகுதியாக முற்றுகிறது. வலி இராது, ஆடை மறைத்துவிடும்.

அதைக் காணக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முழங்கால் மடக்காமல், கைகளைச் சேர்த்து முன்னே குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், வளைவு உள்ளவரின் விலாப்பகுதி ஒரு பக்கம் மேடாக எழும். நிற்கும்போது தோன்றி, உட்கார்ந்ததும் மறையும் வளைவாயின் ஒரு கால் குட்டையாக இருக்கக்கூடும். கால் நீளத்தை அளக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவியரைப் பெண் மருத்துவர் தனியறையில் இவ்வாறு பார்க்க ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வளரும் பருவத்தில் முதுகுக் கச்சை அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவை தேவைப்படும் அளவாகிய 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாதவரில் 48 விழுக்காட்டினருக்கே அவ்வாறு நின்றது. எலும்பு வளர்ச்சி முடிந்தபின் கச்சையால் பயனில்லை. எனவே ஆய்வில் ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்பட்ட சிறுமியின் சீட்டு மாவட்ட இடையீட்டு மையத்தை அடைந்து, எக்ஸ்ரே எடுக்கப்படுவது அந்த ஆண்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.