மூட்டத்தில் புகை கசிந்தால்

எம்.ரெட்டியபட்டியில் எங்க அய்யாவுக்குக் கரிமூட்டம்தான் பிழைப்பு. சீமைக்கருவேல விறகை அடுக்கி, செத்தையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்துவிட்டால் ராத்தூக்கம் கிடையாது. எங்கே வெடிப்பு விட்டுப் புகை கசிகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து ஈரமண்ணை அப்ப வேண்டும். ஒரு வெடிப்பு கண்ணுக்குத் தப்பினாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். கரிக்குப் பதில் சாம்பலைத்தான் அள்ளணும்.

ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு, கோவையில் விமான உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். டிராயிங்கைக் கையில் கொடுத்து, "12 எச்7னா என்ன தம்பி?" என்றார் அதிகாரி. "12 மில்லிமீட்டர் துளை சார்" என்றேன். அரைப் பதில். துளை 12.000-க்குக் குறையவும் கூடாது, 12.018-ஐத் தாண்டவும் கூடாது என்பதுதான் எச்7. அடுத்து, "வேலையில நீங்க பண்ணின தப்பு ஒண்ணு சொல்லுங்க" என்றார். "தப்பே பண்ணதில்ல சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு வேறொரு இடத்தில் அப்ரண்டிஸ். ஒருநாள் ரீமர் ஓட்டியதில் துளை 12.03 ஆகிவிட்டது. பிளக் கேஜின் நோ-கோ முனை, போகவே கூடாதது, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பக்கத்தில் ஆளில்லை. நல்ல பீஸ்களோடு கலந்துவிடலாம் என்று கை போனது, பொய் சொல்லவில்லை. அப்புறம் சூப்பர்வைசரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்தார். செம திட்டு. மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அடுத்த இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தது. இதையே சொன்னேன். "யாரும் பார்க்கலையே, ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார்கள். அய்யாவின் மூட்டத்தைச் சொன்னேன். பத்து நிமிஷம் மூட்டத்தைப் பற்றியே விசாரித்தார்கள். வேலை கிடைத்தது.

2021 ஆகஸ்ட் 12-ல் இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் தோற்றதும் ஒரு கசிவால்தான். மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன் தொட்டி, அதன் வால்வு ஒன்றில் கசிவு. தொட்டியில் அழுத்தம் குறைந்து, கிரையோஜெனிக் எஞ்சின் ஒழுங்காக ஓடாமல் செயற்கைக்கோளே போய்விட்டது. வால்வின் சீல் சேதமாகியிருக்கலாம் என்றது விசாரணைக் குழு. அத்தனை பெரிய ராக்கெட்டில் சீல் எம்மாத்திரம்?

விமானம், ராக்கெட் பாகம் செய்யும் இந்தத் தொழிலில் ஷிஃப்ட் முடிந்தால் ஸ்பேனர் முதல் துடைக்கிற துணிவரை எண்ணிக் காட்டணும். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது என் வீட்டு அரிவாள்மனையைக்கூட எண்ணுகிறேன் என்று சம்சாரம் சிரிக்கிறாள்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி தூரமில்லை. குலசேகரப்பட்டினத்திலும் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் போட்டாச்சு. இஸ்ரோவின் டெக்னீஷியன்-பி வேலைக்குப் பத்தாவதும் ஐடிஐயும் போதும். எழுத்துத் தேர்வு, அப்புறம் கைவேலைத் தேர்வு. இரண்டாவதில் பாஸ் ஆனால் போதும், இடம் எழுத்துத் தேர்வு மார்க்கை வைத்துத்தான். அதனால் பட்டறையில் கெட்டிக்காரப் பையன்களே, புத்தகத்தையும் தொடுங்கள். பணம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று எவனாவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.