கண்ணை மூடிக்கொண்டு ஒரு எம்பி3 பிளேயர் வாங்குங்கள்

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. பாட்டு என்றால் உயிர். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற தம்பி மகன் சும்மா இருக்கலாமா? ஒரு தீபாவளிக்கு டச் ஸ்கிரீன் வைத்த பிளேயர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பொங்கலுக்குப் போனபோது அது பீரோவுக்குள் ரப்பர் பேண்ட் சுற்றிக் கிடந்தது.

"பாட்டு கேக்கறதுக்கும் ஒரு ஆளைக் கூப்பிடணும்னா வேண்டாம்டா தம்பி" என்றார். வழவழப்பான கண்ணாடியில் அவர் விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. பெரியம்மா கோவிலுக்குப் போனால் திரும்பி வரும்வரை வீடு அமைதியாக இருக்கும். தவறு என்னுடையதுதான். நான் என் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கியிருந்தேன்.

பேசும் பிளேயர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன, இருக்கின்றன. 2008ல் வந்த நான்காம் தலைமுறை ஐபாட் நானோ மெனுவைப் பேசிக் காட்டியது. 2009 மார்ச்சில் வந்த ஐபாட் ஷஃபிள் பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் 14 மொழிகளில் சொன்னது. அதில் தமிழ் இல்லை. அந்தக் குரல் பிளேயருக்குள் உருவானதல்ல. கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் தயாரித்து அனுப்பியது. இந்த இரண்டு வகைகளையுமே 2017ல் நிறுத்திவிட்டார்கள்.

பார்வையற்றவர்களுக்கென்றே ஹியூமன்வேர் நிறுவனம் 2007ல் கொண்டுவந்தது விக்டர் ரீடர் ஸ்ட்ரீம். டெலிபோன் போன்ற பட்டன்கள். 5ஐ அழுத்தினால் நீங்கள் எந்தப் புத்தகத்தில், எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். டெய்சி புத்தகங்கள் படிப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பாட்டு மட்டும் கேட்பவருக்கு அந்த விலை அதிகம். சான்டிஸ்க்கின் பழைய சான்சா கிளிப் பிளஸ் யாரிடமாவது கிடைத்தால் விடாதீர்கள். ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவினால் மெனு முழுவதும் ஆங்கிலத்தில் பேசும்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் டாக்பேக் இருக்கிறதே என்றால், பழகியவர்களுக்கு அது நல்ல வழி. பெரியப்பா ஒரு வாரம் முயன்றார். இரண்டு முறை தட்டுவதற்குள் விரல் நகர்ந்து வேறெங்கோ போய்விடுகிறது.

கடைசியில் சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கடைப்பையன் சிரித்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பட்டன்கள் மேடாக, தள்ளித்தள்ளி இருக்கின்றனவா? ஒரே பட்டனைச் சிறிது அழுத்தினால் அடுத்த பாட்டு, நீண்ட நேரம் அழுத்தினால் சத்தம் என்று இருந்தால் தள்ளி வையுங்கள். கை நடுங்குபவர்கள் குழம்புவார்கள். சத்தத்துக்குத் திருகும் குமிழ் இருந்தால் மிக நல்லது. அணைத்து மீண்டும் போட்டால் விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா? கதையோ சொற்பொழிவோ கேட்பவர்களுக்கு இது முக்கியம். சார்ஜ் செய்யும் துளை டைப்-சி ஆக இருக்கட்டும். எந்தப் பக்கம் செருகினாலும் போகும்.

நான் வாங்கியது மெமரி கார்டு போடும், தோளில் தொங்கவிடும் சின்ன ஸ்பீக்கர். அது பேசாது. ஆனால் எண்கள் உள்ள ஒரு ரிமோட் உண்டு. 21 என்று அழுத்தினால் 21வது பாட்டு வரும். இதை வைத்தே வேலையை முடித்தேன்.

ஃபோல்டரே போடவில்லை. பாட்டுகளை இருபது இருபதாகப் பிரித்து, பைல் பெயரின் முன்னால் 001, 002 என்று எண் கொடுத்தேன். ஒவ்வொரு இருபதின் முதல் பைல் பாட்டு அல்ல, அறிவிப்பு. 001ல் "எம்.எஸ்.வி. பாட்டு", 021ல் "இளையராஜா", 041ல் "சீர்காழி கோவிந்தராஜன்", 061ல் "நாதஸ்வரம்" என்று அவருடைய பேத்தி பேசியதை ஃபோனில் பதிந்து, ஆடாசிட்டியில் எம்பி3 ஆக மாற்றிக்கொண்டேன். ஈஸ்பீக் என்ஜி மென்பொருளிலும் தமிழ்க் குரல் உண்டு. ஆனால் அந்த இயந்திரக் குரல் எங்கே, பேத்தி குரல் எங்கே!

இங்கேதான் ஒரு சிக்கல். எண் கொடுத்துக் காப்பி செய்தும் 21 அழுத்தினால் வேறு பாட்டு வந்தது. காரணம், இந்த மாதிரி மலிவான பிளேயர்கள் பைல் பெயரைப் பார்ப்பதில்லை. கார்டில் உள்ள ஃபேட் அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ, அதுதான் முதல் பாட்டு. விண்டோஸில் மொத்தமாகக் காப்பி செய்யும்போது அந்த வரிசை மாறிவிடலாம். ட்ரைவ்சார்ட் என்ற இலவச மென்பொருளில் கார்டைத் திறந்து, பெயர் வரிசைப்படி அடுக்கி, சேவ் கொடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேட்சார்ட் இருக்கிறது. முன்னதாகப் பாட்டுகளை கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாட்டு சேர்த்தாலும் மறுபடி அடுக்க வேண்டும்.

ரிமோட்டில் 5 மீது எம்-சீல் கொஞ்சம் உருட்டி ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ஃபிட்டர் கையல்லவா, என்னை வைக்க விடாமல் அவரே வைத்தார். ஐந்து தெரிந்தால் சுற்றியுள்ள எட்டு எண்களும் விரலுக்குத் தெரிந்துவிடும். பூஜ்யம் எட்டுக்குக் கீழே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பேத்தியின் குரல் "நாதஸ்வரம்" என்றது. கொஞ்ச நேரத்தில் "இளையராஜா" என்றது. பத்து நிமிடம் இப்படியே மாற்றி மாற்றிக் கேட்டது. யாரையும் அவர் கூப்பிடவில்லை. 81லிருந்து கிருபானந்த வாரியார் சொற்பொழிவு வேண்டுமாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது லேப்டாப்போடு போக வேண்டும்.