ஆங்கிலம் அறிவோம்: உயர்வதும் உயர்த்துவதும்



ஆங்கிலத்தில் ரைஸ், ரெய்ஸ் என்ற இரு வினைச்சொற்கள் பலரையும் குழப்புகின்றன. லை, லே என்பவையும் அப்படியே. இந்தக் குழப்பம் தீர நீங்கள் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே உதவும்.

'விலை உயர்ந்தது', 'விலையை உயர்த்தினார்கள்' என்ற இரண்டையும் நாம் மாற்றிச் சொல்வதில்லை. இரண்டாவதில் 'எதை?' என்று கேட்டால் 'விலையை' என்று பதில் வரும். முதலாவதில் பதில் வராது. இதே கேள்வியை ஆங்கிலம் எழுதும்போதும் கேளுங்கள்.

ரைஸ் – ரெய்ஸ்

'எதை?' என்பதற்குப் பதில் இல்லையென்றால் ரைஸ் (ரைஸ், ரோஸ், ரிஸன்). பதில் இருந்தால் ரெய்ஸ் (ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்).

நாமக்கல்லில் முட்டை விலை உயர்ந்தது: 'தி எக் பிரைஸ் ரோஸ்'. முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை உயர்த்தியது: 'தி கமிட்டி ரெய்ஸ்ட் தி எக் பிரைஸ்'.

லை – லே

லை என்றால் படுத்திருத்தல், கிடத்தல் (லை, லே, லெய்ன்). லே என்றால் ஒன்றை வைத்தல், இடுதல் (லே, லெய்ட், லெய்ட்). கோழி எதை இட்டது? முட்டையை. எனவே, 'தி ஹென் லெய்ட் அன் எக்'.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. லை என்பதன் இறந்தகாலமும் லே தான். 'நேற்றுப் படுத்திருந்தார்' என்பதற்கு 'ஹி லே இன் பெட் எஸ்டர்டே' என்பதே சரி, 'லெய்ட்' வராது.

எங்கே தேவைப்படும்?

மருத்துவ உதவி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'மை மதர் இஸ் லையிங் இன் பெட்' என்று எழுத வேண்டும். 'லேயிங்' என்றால் எதையோ வைக்கிறார் என்று பொருள் மாறும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் 'விற்பனையை உயர்த்தினேன்' என்பதை 'ஐ ரெய்ஸ்ட் தி சேல்ஸ்' என்று சொல்லுங்கள். 'ஐ ரோஸ் தி சேல்ஸ்' என்றால், உங்கள் திறமையைக் கவனிக்கும் முன்பே பிழைதான் கேட்பவர் காதில் விழும்.

பயிற்சி

எந்த வினை வரும்?
1. சூரியன் கிழக்கே எழுகிறது.
2. கையை உயர்த்து.
3. தாத்தா நேற்று மாலை வரை படுத்திருந்தார்.
4. புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.

விடைகள்: 1. ரைஸஸ் 2. ரெய்ஸ் 3. லே 4. லெய்ட்

தினம் இரண்டு வாக்கியங்கள் நீங்களே எழுதிப் பழகுங்கள். கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்குமான லெண்ட், பாரோ ஆகியவற்றை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.