ஜன்னின்னு நினைச்சு தூங்க விட்டுடாதீங்க

மூணாவது வருஷம், இன்டர்னல்ஸ் நேரம். என் ரூம்மேட்டுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், தலைவலி. பாராசிட்டமால் போட்டுப் படுத்திருந்தான். மூணாவது நாள் காலையில சார்ஜரைக் காட்டி, "மச்சி, அந்த சோப்பை எடு"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். ஒருத்தன் வீடியோ எடுத்தான். "ஜன்னிடா, தூங்கினா சரியாயிடும்"னு சொன்னது நான்தான். சாயங்காலம் வலிப்பு வந்த பிறகுதான் 108-க்கு போன் பண்ணோம்.

டாக்டர் சொன்னது: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வந்த மூளை அழற்சி.

உதட்டு ஓரத்தில் கொப்புளம் வர வைக்கிற அதே வைரஸ்தான் இது. நம்மில் பலரோட முக நரம்பு முடிச்சில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மிக அபூர்வமாகத்தான் மூளையைத் தாக்கும். அப்போது பெரும்பாலும் அடிபடுவது காதுப் பக்கம் உள்ள டெம்போரல் லோப். மொழிக்கும் ஞாபகத்துக்கும் அந்தப் பகுதி ரொம்ப முக்கியம். சார்ஜர் சோப்பு ஆனது அதனால்தான். வைரஸும் அதை எதிர்க்கிற நம்ம செல்களும் சேர்ந்து மூளையை வீங்க வைக்கும். மண்டை ஓடு விரியாது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும்.

இதற்கு மருந்து உண்டு: அசைக்ளோவிர். வைரஸ் தன் டிஎன்ஏ-வைக் காப்பி எடுக்கும்போது இது ஒரு போலிக் கண்ணியாக உள்ளே போகும். அடுத்த கண்ணியை மாட்ட அதில் கொக்கி இல்லை, சங்கிலி அங்கேயே நின்றுவிடும். இந்த மருந்தை 'ஆன்' செய்வதே வைரஸோட என்சைம்தான். அதனால் வைரஸ் இல்லாத செல்களை இது அதிகம் தொடாது.

மருந்து தராவிட்டால் சுமார் 70 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள். தந்தால் அது 30-க்கும் கீழே வரும். ஆனால் செத்த நியூரான் திரும்ப வராது. அதனால்தான் முதுகுத்தண்டு நீரின் பிசிஆர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமலே டிரிப் ஏற்றத் தொடங்குகிறார்கள்.

எல்லா மூளை அழற்சிக்கும் இப்படி மருந்து கிடையாது. 1955-ல் இந்தியாவில் முதன்முதலாக வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி மட்டும்தான் இருக்கு.

என் ரூம்மேட் 21 நாள் டிரிப்புக்குப் பிறகு பிழைச்சு வந்தான். இப்பவும் காலையில சொன்னதை மதியம் மறந்துடுவான், எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சுக்கறான். அந்த வீடியோவை அன்னைக்கு ராத்திரியே அழிச்சுட்டோம்.

காய்ச்சலோட பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியலைன்னாலோ, நடத்தை திடீர்னு மாறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108. வார்டன் திட்டுவாரேன்னு யோசிக்காதீங்க. காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க.