கடை மூடிய பிறகும் ஓடும் மீட்டர்
(மின் தணிக்கை: ஓர் ஆரம்பப் பாடம்)



தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வரி அலுவலகத்திலிருந்து யாரோ வருகிறார்கள் என்று பில் புத்தகங்களைத் தேடி ஆளை விரட்டுவோம். இங்கே நாம் பேசப்போகும் தணிக்கைக்கு எந்த அதிகாரியும் வரமாட்டார். நம் கடையில் நாமே செய்துகொள்வது இது. வருஷக் கடைசியில் சரக்கிருப்பு எடுக்கிறோம் அல்லவா? மூட்டையை எண்ணி, எடை போட்டு, பேரேட்டோடு ஒத்துப் பார்த்து, குறைந்த சரக்கு எங்கே போனது என்று தேடுகிறோம். அதையே மின்சாரத்துக்குச் செய்தால் அதுதான் மின் தணிக்கை. எனர்ஜி ஆடிட் என்று பெரிய கட்டடக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

நமக்கு எதற்கு இது என்று கேட்கலாம். அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்தில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு இரண்டு ரூபாய் கையில் நின்றால் அதுவே நல்ல வருஷம். அந்தக் கணக்கில், மின்கட்டணத்தில் 1,000 ரூபாய் மிச்சம் பிடித்தால் அது 50,000 ரூபாய்ச் சரக்கு விற்றதற்குச் சமம். கட்டணமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் உயர்ந்தது. வணிக இணைப்புகளுக்கு 2023, 2024 ஜூலை மாதங்களிலும் மேலும் கூடியது. ஏற்றுக்கூலிக்கும் சாக்கு விலைக்கும் அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், மின்சார பில்லை மட்டும் வாய் பேசாமல் கட்டிவிடுகிறோம். ஊசி போகிற இடம் பார்த்து உலக்கை போகிற இடத்தை விட்ட கதைதான்.

மதுரையில் எங்களுக்கு ஒரு மொத்தக் கடை. அதை ஒட்டி, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் சில்லறைக் கடை. இரண்டுக்கும் ஒரே இணைப்பு. ஊருக்கு வெளியே இருக்கும் கிட்டங்கிக்குத் தனி இணைப்பு. இந்தப் பாடத்தை எங்கள் கடையை வைத்தே சொல்லிவிடுகிறோம். கணக்கு சுலபமாக இருக்க, ஒரு யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

முதல் வேலை பழைய பில்களை எடுப்பது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஆகவே ஓராண்டுக்கு ஆறு. பணத்தைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். யூனிட்டை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,560 யூனிட் வந்தது. அதாவது நாளொன்றுக்கு 26. சித்திரை, வைகாசியில் கூடுவதும் மார்கழியில் குறைவதும் இயல்பு. குளிர்ந்த மாதத்திலும் குறையவில்லை என்றால், வெயிலுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று நம் மின்சாரத்தைத் தின்கிறது என்று அர்த்தம். அதே பில்லில் நிலைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அது அனுமதிக்கப்பட்ட மின்பளுவின் கிலோவாட் கணக்குப்படி வருவது. முன்பு ஓடிய அரவை மில்லை எடுத்துவிட்டு, அதற்கு வாங்கிய பளுவுக்கு இன்னும் பணம் கட்டுபவர்கள் நம்மில் உண்டு. பளுவைக் குறைக்க விண்ணப்பம் கொடுக்கலாம்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. அதற்குக் காசு செலவில்லை. இரவு கடை மூடும்போது மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும், ஒரு சுவிட்சையும் போடுவதற்கு முன் மறுபடி குறியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்ய வேண்டும். நாங்கள் இரவு ஒன்பதரைக்கு மூடி எட்டு மணிக்குத் திறக்கிறோம். அந்தப் பத்தரை மணி நேரத்தில் ஓரிரண்டு யூனிட் ஓடியிருக்கும் என்று நினைத்தோம். ஓடியது 9 யூனிட்! ஒரு நாள் செலவான 26-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத நேரத்தில் போயிருக்கிறது.

எது தின்கிறது என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வழக்கமான எலக்ட்ரீஷியனை வரச்சொன்னோம். இப்போதைய மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சடித்திருக்கும். எங்கள் மீட்டரில் 3200. விளக்கு 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு, விசிறி, குளிர்பெட்டிகள், இன்வெர்ட்டர், காமிரா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். விளக்கு சிமிட்டுவது நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து நிமிடம் எண்ணினோம். 15 முறை.

மணிக்கு 180 சிமிட்டல். நாள் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 1.35 யூனிட். இரண்டு மாதத்துக்கு 81 யூனிட், 810 ரூபாய். எந்தப் பொருளும் ஓடாமல்!

எலக்ட்ரீஷியன் பெட்டியிலுள்ள பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினார். பின்கட்டுக்குப் போகும் லைனை இறக்கியதும் சிமிட்டல் நின்றது. "அண்ணாச்சி, அந்தச் சுவரில் என்ன இருக்கு?" என்று கேட்டார். எண்ணெய் டின் அடுக்கும் இரும்பு ரேக் என்றோம். ரேக்கை நகர்த்திப் பார்த்தால், பின்னால் ஒயரை எலி கடித்திருக்கிறது. செம்பு வெளியே தெரிந்து ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஊறிய அந்தச் சுவர் வழியாக மின்சாரம் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதில் சொல்லக் கூச்சமான ஒன்றும் உண்டு. கடையில் வேலை பார்க்கும் தம்பி இரண்டு மாதமாகவே, "முதலாளி, அந்த ரேக்கைத் தொட்டா சுர்ருங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஈரக் கையோடு தொடாதே" என்று அதட்டி அனுப்பிவிட்டோம். மழை இன்னும் நாலு நாள் பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு யோசித்தோம். தூக்கம் வரவில்லை. அந்த லைனையே புதிதாகப் போட்டு, கசிவு வந்தால் தானே விழும் ஆர்.சி.சி.பி. என்ற பிரேக்கரையும் வைத்தோம். அவன் இன்றும் புறங்கையால் ரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டின்னை எடுக்கிறான். அவனை நாங்கள் குறை சொல்ல முடியாது.

ஒயர் வேலையில் நாமாகக் கை வைக்கக் கூடாது. மீட்டரில் எண்ணைக் குறிப்பதும் சிமிட்டலை எண்ணுவதும் நம் வேலை. பெட்டியைத் திறப்பது உரிமம் பெற்றவர் வேலை. மின்வாரியத்தின் சீலை யாருமே தொடக் கூடாது.

மற்ற தீனிக்காரர்களுக்கு வருவோம். பிளக்கில் செருகி அளக்கும் சிறு மீட்டர் ஒன்று எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. குளிர்பெட்டியின் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் ஐந்து நிமிடம் பார்த்துப் பயனில்லை. முழுதாக ஒரு நாள் மாட்டிவைக்க வேண்டும். கடை வாசலில் ஒரு குளிர்பானக் கம்பெனி இனாமாக வைத்துவிட்டுப் போன கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அது ஒரு நாளைக்கு 4.8 யூனிட் காட்டியது. இரண்டு மாதத்துக்கு 288 யூனிட், 2,880 ரூபாய். அதே இரண்டு மாதத்தில் அந்தப் பெட்டியிலிருந்து விற்றது சுமார் 18,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வீதம் எங்கள் லாபம் 1,800. இனாம் பெட்டிக்கு நாங்கள் கையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்தோம்! பெட்டி அவர்களுடையது, கரண்ட் நம்முடையது என்பதை வைக்கிற அன்று யாரும் யோசிப்பதில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் மகன். நாங்கள் உடன்படவில்லை. குளிர்பானம் வாங்க வருகிறவர் பிஸ்கட்டும் வாங்கிப் போகிறார். அதனால் பெட்டியைச் சாயங்கால வெயில் படாத இடத்துக்கு மாற்றினோம். சுவரோடு ஒட்டியிருந்ததை, பின்பக்கச் சூடு வெளியேற ஒரு சாண் தள்ளி வைத்தோம். கதவின் ரப்பர் கிழிந்திருந்தது; கம்பெனிக்காரரிடம் இரண்டு முறை சொல்லி மாற்ற வைத்தோம். ரப்பர் சரியாக இருக்கிறதா என்று அறிய, ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் குளிரும் அப்படியேதான் வெளியே போகிறது. இரவில் அந்தப் பெட்டியை நிறுத்தியும் விடுகிறோம். சோடாவும் கலரும் ஓர் இரவில் கெடாது. பால், தயிர், ஐஸ்கிரீம் உள்ள பெட்டியில் இந்த விளையாட்டு கூடாது. இப்போது இந்தப் பெட்டி நாளுக்கு 2.7 யூனிட்டில் நிற்கிறது.

உள்ளே இரண்டு டீப் ஃப்ரீசர் இருந்தன. இரண்டும் பாதி காலி, விரல்கட்டை கனத்துக்கு ஐஸ் பிடித்துப்போய். ஐஸைக் கரைத்து, சரக்கை ஒன்றில் சேர்த்து, மற்றதை நிறுத்தினோம். நாளுக்கு 3.6 யூனிட் மிச்சம். பண்டிகை நேரத்தில் மட்டும் அதைப் போடுகிறோம். பெயர்ப் பலகையில் சோக்கோடு நான்கு பழைய டியூப்லைட், ஒவ்வொன்றும் 50 வாட், விடிய விடிய எரிந்தன. எல்.இ.டி. மாற்றி, இரவு பத்தரைக்கு அணையும்படி டைமர் வைத்தோம்.

கிட்டங்கியில் வேறு விதம். அதே 50 வாட் டியூப்லைட் பன்னிரண்டு, பகல் முழுக்கப் பத்து மணி நேரம் எரியும்; நாளுக்கு 6 யூனிட். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 2.4 யூனிட்டாகிவிடும் என்று கடைக்காரர் கணக்குக் காட்டினார். கணக்கு சரி. ஆனால் பகலில் ஏன் விளக்கு எரிகிறது என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்; அது அவர் வியாபாரம். கூரையில் நான்கு தகட்டை எடுத்துவிட்டு வெளிச்சம் விடும் ஷீட் போட்டோம். நடுப்பாதைக்குக் குறுக்கே அடுக்கிய மூட்டைகளை ஓரத்துக்கு மாற்றினோம். இப்போது பகலில் எடைபோடும் இடத்தில் மட்டும் இரண்டு விளக்கு. மாலை வேலைக்காக ஆறு எல்.இ.டி. போதுமானதாயிற்று. தேவையில்லாததை முதலில் நிறுத்தி, பழுதைச் சரிசெய்து, கடைசியில்தான் புதுச் சாமான் வாங்க வேண்டும். முறையை மாற்றினால், தேவையில்லாத இடத்துக்கும் சேர்த்துப் புது விளக்கு வாங்குவோம்.

விசிறி பற்றி இரண்டு வார்த்தை. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவில் ஓடுகிறது. கல்லாவுக்கு மேல் நாள் முழுக்கச் சுற்றும் விசிறியை மாற்றுவது லாபம். எப்போதோ சுற்றும் மாடி விசிறியை மாற்றுவது வீண். ஏ.சி. வைத்திருப்பவர்கள் 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் நூற்றுக்கு 6 வரை மின்சாரம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தரும் கணக்கு. நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.க்கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியிலேயே ஆரம்பிக்கும்படி விதி செய்திருக்கிறார்கள்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். ஏமாந்தவர்களில் நாங்களும் உண்டு. நம்மைப் போன்ற சிறு இணைப்பில், உண்மையில் செலவான யூனிட்டைத்தான் மீட்டர் எண்ணுகிறது. அந்தப் பெட்டி அதைக் குறைப்பதில்லை. எங்கள் மேசை இழுப்பறையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அடுத்த பில்லில் கடைக்கு 1,040 யூனிட் வந்தது. ஏறத்தாழ 5,200 ரூபாய் குறைவு. ஒயர், பிரேக்கர், டைமர், விளக்கு எல்லாவற்றுக்குமாக ஆன செலவு இரண்டாவது பில்லிலேயே திரும்பிவிட்டது.

பெரிய ஸ்டோர், கல்யாண மண்டபம், குளிர்பதனக் கிட்டங்கி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இந்த நோட்டுப் புத்தகக் கணக்கு போதாது. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்து, 2002-ல் மேலே சொன்ன பணியகம் ஏற்பட்ட பின், தேர்வெழுதிச் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் பளுவுள்ள புதிய வணிகக் கட்டடங்களுக்கென்று 2007 முதல் தனி விதித்தொகுப்பும் உண்டு. கட்டடம் எழுப்பத் திட்டமிடுபவர்கள் வரைபடக்காரரிடம் அதை இப்போதே கேட்டுவிடுங்கள். தணிக்கையாளரை அழைத்தால், ஒரு நாள் சுற்றிப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம், கருவி வைத்துப் பல நாள் அளப்பதற்கு வேறு கட்டணம் என்று இருக்கும். எது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சாமான் விற்பவரே இலவசமாகத் தணிக்கை செய்து தருகிறேன் என்றால், முடிவில் எந்தச் சாமானை வாங்கச் சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். யார் வந்தாலும் முதலில் கேட்பது ஓராண்டு பில்களும் இரவு, காலை மீட்டர் எண்களும்தான். அவற்றை எழுதிய நோட்டைக் கல்லாவிலேயே வைத்திருங்கள்.