முதுகைத் தொடுமுன்

அன்புள்ள தங்கைக்கு,

பிசியோதெரபி பட்டம் கைக்கு வந்ததும் முதுகெலும்பைக் கையால் உந்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் பக்கம் போகலாமா என்ற யோசனை தில்லியில் உனக்கு மட்டும் வந்ததல்ல. கிளினிக் பலகைகளில் அந்தச் சொல் ஏறிவிட்டது. செல்பேசியைத் திறந்தால் ஒருவர் இன்னொருவரின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார், 'டக்' என்று சத்தம் வருகிறது, படுத்திருப்பவர் வலி போய்விட்டதென்று சிரிக்கிறார். ஒரு மணி நேரம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துச் சொற்பக் கட்டணம் வாங்கும் பிசியோதெரபிஸ்டுக்கு அதைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைரோபிராக்டிக்கை ஒரு கைத்திறனாகக் கற்றுக்கொள், ஆனால் உன் தொழிலின் பெயராக அதை ஏற்காதே. முதுகைத் திருப்பத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. எந்த முதுகைத் திருப்பக் கூடாது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு, உனக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

இந்த முறையின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது விளங்கும். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டி.டி. பால்மர் என்பவர், தம் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் ஒரு கணுவை அழுத்தினார். பல ஆண்டுகளாகக் காது கேளாமலிருந்த லில்லார்டுக்குக் கேட்கத் தொடங்கியது என்பதுதான் இத்துறையின் மூலக் கதை. செவி நரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குப் போகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதில்லை என்று முதலாண்டு உடற்கூறியலிலேயே நீ படித்திருப்பாய். ஆனாலும் அந்த ஒரு சம்பவத்திலிருந்து பால்மர் ஒரு முழுக் கொள்கையையே எழுப்பினார். முதுகெலும்புக் கணுக்கள் சற்றே இடம் பிசகுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன, அதைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்றார். 'சப்லக்ஸேஷன்' என்று அவர் பெயரிட்ட அந்தப் பிசகல்தான் நோய்களுக்குக் காரணம் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. குழந்தைகளின் வயிற்று வலி, காதுத் தொற்று, ஆஸ்துமா வரை இந்தக் கொள்கை நீண்டபோது சைமன் சிங் என்ற எழுத்தாளர் 2008-இல் பிரிட்டனில் அதைக் கேள்வி கேட்டார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங்கின் பக்கம் சாய்ந்ததும் சங்கம் வழக்கைக் கைவிட்டது.

கொள்கை பிழை என்பதற்காகக் கையும் பயனற்றது என்று முடிவுகட்டிவிட முடியாது. நவீன மருத்துவர்களில் பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்புவலிக்கு முதலில் மருந்தில்லாச் சிகிச்சைகளைச் சொன்னபோது, முதுகெலும்பைக் கையால் நகர்த்தும் முறையையும் அவற்றில் சேர்த்தது. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளை, 9,211 நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு இந்த முறை, ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகள் தரும் அளவுக்குப் பலன் தருகிறது என்றது. உலக சுகாதார நிறுவனமும் 2023 இறுதியில் நிபந்தனையோடு இதை ஏற்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் வகுக்கும் நைஸ் அமைப்போ உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் செய்யலாம் என்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் மிதமான, இடுப்புவலியைப் பெரிதும் தாண்டாத ஒரு பலன் தெரிகிறது. அந்தப் பலனும் கைரோபிராக்டருக்கு மட்டும் உரியதல்ல. உன் துறையில் மெய்ட்லண்ட் வகுத்த ஐந்தாம் நிலை என்று சொல்லப்படும் விரைவான உந்தல், கிட்டத்தட்ட இதே செயல்தான்.

'ஆனால் என் கண்முன்னே ஆட்கள் குணமாகிப் போகிறார்களே' என்பாய். போகத்தான் செய்வார்கள். புதிய இடுப்புவலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் கிளினிக் படியேறுகிறார், அதற்குப் பிறகு வலிக்கு இறங்குவதைத் தவிர வழி குறைவு. உச்சியில் நிற்கும் நாளில் எதைச் செய்தாலும் அடுத்த வாரம் அதற்கே பெயர் போய்ச் சேரும். இதோடு அந்தச் சத்தம் வேறு. மூட்டைச் சற்றே விரித்ததும் உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குழி ஒன்று உருவாவதால் வருவது அது. 2015-இல் கனடாவில் ஒரு குழு விரல் நெட்டி முறிவதை எம்ஆர்ஐயில் நேரடியாகப் படமெடுத்து இதைக் காட்டியது. எலும்பு இடத்துக்கு வந்து உட்கார்ந்த சத்தமல்ல அது. சத்தம் வராமலும் வலி தணியலாம், வந்தும் தணியாமல் போகலாம். கேமராவுக்கு மட்டும் சத்தம் இல்லாமல் முடியாது, அதனால்தான் வீடியோக்கள் அதைச் சுற்றியே எடுக்கப்படுகின்றன. சலூன் நாற்காலியில் முடிவெட்டியதும் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு வளர்ந்த நம் மக்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமான சுகம். 2017-இல் தில்லியை ஒட்டிய குருகிராமில் அப்படிக் கழுத்தை முறித்துக்கொண்ட ஒருவருக்கு உதரவிதானத்துக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டு, மூச்சுவிடக் கருவியின் உதவி தேவைப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அயோவாவில் எழுதப்பட்ட பாடப்புத்தகத்துக்கும் தில்லியின் புறநோயாளிப் பிரிவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய் எலும்பைப் பிடித்தால் அது அதிகம் விரும்பும் இடம் முதுகெலும்பு. அப்படிப் பிடித்தவர் இருமிக்கொண்டு வர வேண்டியதில்லை. பலருக்குக் காய்ச்சலோ மெலிவோ இருப்பதில்லை, மாதக்கணக்கில் விடாத முதுகுவலி மட்டும் இருக்கும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிவதற்குள் எலும்பு கணிசமாக அரிக்கப்பட்டிருக்கும். அந்த முதுகில் நீ ஓர் உந்து உந்தினால், இடிந்த கணு தண்டுவடத்தை நசுக்கலாம், கால்கள் செயலிழக்கலாம். எலும்பு தேய்ந்த வயதான பெண்கள், எங்கோ தொடங்கிய புற்றுநோய் முதுகுக்கு வந்து சேர்ந்தவர்கள், சிறுநீர் கட்டுப்பாடு போய் உட்காரும் இடம் மரத்துவிட்டவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களில் யாரும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை, எல்லோரும் 'இடுப்பு பிடிச்சிருக்கு' என்றுதான் சொல்வார்கள். இரவில் படுத்தால் வலி கூடுகிறதா, எத்தனை நாளாக இருக்கிறது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்டு, கால் தசைகளின் பலத்தையும் அனிச்சைச் செயல்களையும் சோதிக்க இருபது நிமிடமாவது ஆகும். உந்தலுக்கு ஒரு நொடி போதும். நோயாளி பணம் கொடுப்பது அந்த ஒரு நொடிக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.

கழுத்து விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பானவன். முதுகெலும்புத் தமனி கழுத்துக் கணுக்களின் ஓரத் துளைகள் வழியாக மேலேறி மூளைக்குப் போகிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் இளவயதினருக்கும் பக்கவாதம் வரலாம். கைரோபிராக்டர்கள் தங்கள் தரப்பில் காட்டும் முக்கியச் சான்று, 2008-இல் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு. கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே சாதாரண மருத்துவரிடம் போனவர்களிடமும் இந்தப் பக்கவாதத்துக்கும் அந்த வருகைக்கும் தொடர்பு தெரிந்தது, ஆகவே தமனி ஏற்கெனவே கிழிந்து கழுத்து வலிப்பதால்தான் இவர்கள் சிகிச்சை தேடி வந்திருக்கலாம் என்பது அதன் விளக்கம். நியாயமான விளக்கம்தான். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் வந்து சேரும் முடிவு என்ன? தமனி கிழிந்த மனிதர் உன் மேசையைத் தேடி வருகிறார் என்பதுதானே. அவர் கழுத்தை வேகமாகத் திருப்ப அதைவிட மோசமான நேரம் இல்லை. அபாயம் அரிது என்பது உண்மை. ஆனால் கழுத்துவலிக்குப் பயிற்சியும் மென்மையான அசைவும் கைவசம் இருக்கும்போது, அரிதான பேராபத்தைச் சிறிய லாபத்துக்காக வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

'அமெரிக்காவில் இது அங்கீகாரம் பெற்ற தொழில் இல்லையா?' ஆம். 1913-இல் கான்சாஸ் தொடங்கி 1974-இல் லூசியானா முடிய எல்லா மாநிலங்களும் உரிமம் தருகின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டர்களை ஒதுக்கச் சதி செய்ததென்று 1987-இல் நீதிபதி சூசன் கெட்ஸெண்டானர் தீர்ப்பளித்ததையும் நீ மேற்கோள் காட்டலாம். அது வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, கைரோபிராக்டிக் அறிவியலா இல்லையா என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. தில்லியின் நிலை வேறு. 1997-லேயே பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் கவுன்சில் அமைக்கச் சட்டம் செய்த ஊர் இது. 2021-இல் வந்த மத்தியச் சட்டமும் பிசியோதெரபிஸ்டை அட்டவணையில் வைத்திருக்கிறது, கைரோபிராக்டருக்கு அதில் இடமில்லை. தவறு நடந்தால் உன்னைக் கேள்வி கேட்கவும் பொய்ப் புகார் வந்தால் உனக்காகப் பேசவும் ஓர் அமைப்பு பிசியோதெரபிஸ்டாக இருக்கும்வரைதான் உண்டு. பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாதென்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரத் தலைமை இயக்ககம் கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றதே, நினைவிருக்கிறதா? பதிவேட்டில் இருக்கும் தொழிலுக்கே இத்தனை இழுபறி.

இன்னொரு வாதம் நம் பக்கத்திலிருந்தே வரும். பழைய தில்லியில் பயில்வான்கள் எலும்பு கட்டவில்லையா, நம் ஆசான்கள் வர்மம் பார்க்கவில்லையா, அவர்கள் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள்? அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே குருவிடம் கிடந்து கற்றவர்கள், இரண்டு நாள் பட்டறைச் சான்றிதழுக்கு அவர்களைச் சாட்சி சொல்ல அழைப்பது நியாயமில்லை. வர்மமும் தொக்கணம் என்னும் தடவுமுறையும் இன்று சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்குள் இருக்கின்றன, அதை மேற்பார்க்கச் சட்டப்படி ஓர் ஆணையமும் இருக்கிறது. கைரோபிராக்டிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வகுத்த அளவே குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பு, அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளி பார்ப்பது. வார இறுதி வகுப்பு நடத்துபவரிடம் இந்த எண்களைச் சொல்லிப் பார்.

ஆகவே முதலில் கவுன்சிலில் பதிவு செய். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளைச் சப்தர்ஜங் மருத்துவமனையிலோ வசந்த் குஞ்சில் உள்ள இந்திய முதுகுத்தண்டுக் காய மையத்திலோ, தண்டுவடம் அடிபட்டவர்கள் வரும் எந்த இடத்திலோ கழிக்கப் பார், சம்பளம் குறைவாக இருந்தாலும். கைமுறைச் சிகிச்சையில் முதுகலை எடு, உந்தலை அங்கே கற்றுக்கொள். அதன் பிறகும் கைரோபிராக்டிக் பட்டமே வேண்டுமென்று தோன்றினால் வெளிநாட்டில் முழுநேரப் படிப்பாகப் படி. ஆனால் சேருவதற்கு முன், திரும்பி வந்தால் எந்தப் பெயரில் பதிவு செய்ய முடியும், பலகையில் என்ன எழுதலாம் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. அரசு அலுவலகம், பதில் தாமதமாகும். அது வரும்வரை கட்டணம் கட்டாதே.

அன்புடன்,
உன் அண்ணன்