மூன்றாம் மெய்ப்பைத் தாங்கும் மென்பொருள்

படம் நிறைந்த தொழில்நுட்ப நூலைப் பக்கம் அமைக்கும்போது மென்பொருளின் குணம் முதல் மெய்ப்பில் தெரிவதில்லை. 400 பக்கமும் 300 படமும் கொண்ட மோட்டார் ரீவைண்டிங் கையேடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதல் மெய்ப்பு எதில் செய்தாலும் அழகாகவே வரும். மூன்றாம் மெய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர், "நான்காம் இயலில் ஒரு படம் விட்டுப்போயிற்று" என்பார். அந்தப் படம் நுழைந்ததும் 4.6 என்பது 4.7 ஆகும். அதைச் சுட்டும் வாசகங்கள், படப் பட்டியல், பொருளடக்கம், சொல்லடைவின் பக்க எண்கள் எல்லாம் நகரும். இவை தாமே மாறினால் அரைமணி நேர வேலை. கையால் மாற்றினால் நாள்கணக்கில் இழுக்கும். அப்போதும் இரண்டு மூன்று இடம் தப்பிவிடும். அவற்றை வாசகர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கருக்கு இருந்த பிடி எளிதில் விடவில்லை. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட அந்த மென்பொருள் 1994இல் அடோபியிடம் போயிற்று; 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. கை பழகியவர்களின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒருங்குறி அறியாதது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கிலக் குப்பை தெரியும். பி.டி.எஃப். ஆக்கினாலும் அதில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. படங்களைச் சுட்டும் எண்ணும் தானாக மாறாது. கவிதைத் தொகுப்புக்கு இதெல்லாம் பொருட்டல்ல, கையேட்டுக்குப் பொருட்டு.

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது வழக்கமான ஏமாற்றம். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வுமாக இரண்டு எழுத்துகள் இருக்கும். 'கௌ' இருக்க வேண்டிய இடத்தில் 'கெ'யும் 'ள'வும் இருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடும்போதுதான் தெரியும். பக்கம் அமைக்கத் தொடங்கும் முன்பே இவற்றைத் தேடித் திருத்திவிட வேண்டும்.

இன்று தொழில்முறை அமைப்பாளர்கள் பெரும்பாலும் நாடுவது இன்டிசைன். இயல்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்து ஒரு நூலாகக் கோக்கலாம். 2008இல் வந்த சி.எஸ்.4 முதல் குறுக்குச் சுட்டுகளும் உண்டு. தமிழை அது ஒழுங்காகக் கோப்பது 2012இன் சி.எஸ்.6இலிருந்து. அதற்கும் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தவறினால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் ஒட்டிக்கொள்ளும். பத்தி பத்தியாக இதைச் செய்யக் கூடாது; அடிப்படைப் பத்திப் பாணியிலேயே ஒருமுறை பதித்துவிட்டால் போதும். சந்தா நின்றால் கோப்பைத் திறக்க வழியில்லை என்பது இதன் பெரிய குறை.

எண்ணும் சமன்பாடும் மிகுந்த நூலுக்கு லேட்டெக்கை மிஞ்ச ஒன்றில்லை. அதன் வேர் டெக். கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கான மெய்ப்பை 1977இல் பார்த்தார். புதிய ஒளி அச்சுக்கோப்பு பழைய ஈய எழுத்தின் அழகைக் கெடுத்திருந்தது. சலித்துப்போய் டெக் என்னும் அச்சுக்கோக்கும் நிரலைத் தாமே எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. (நூல் எழுதுவோர் மென்பொருள் எழுதப் போனால் இப்படித்தான்.) தமிழுக்கு, ஒருங்குறியை நேரடியாக ஏற்கும் சீடெக் அல்லது லுவாடெக் வேண்டும். படம் எண், சுட்டு, பட்டியல் எல்லாம் தாமே சரியாகும். மூலக் கோப்பு வெறும் உரை என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும். ஆனால் படம் நாம் நினைத்த இடத்தில் நிற்காமல் அடுத்த பக்கத்துக்கு மிதந்து போவதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். கட்டளைகளைக் கண்டு மிரளும் அமைப்பாளரிடம் இதைத் திணித்துப் பயனில்லை.

வேர்டில் எழுதலாம், அதிலேயே 300 படத்தோடு அச்சுக்குப் போவது ஆபத்து. ஒரு வரி கூடினால் பத்துப் படம் இடம் மாறும். காசில்லாத வழி தேடுவோருக்கு லிப்ரெ ஆஃபிஸ் ரைட்டர் மேல். அதன் பயனர் கையேடுகளே அதில்தான் தயாராகின்றன. ஸ்கிரைபஸ் சுவரொட்டிக்கும் சிற்றிதழுக்கும் நன்று, நீண்ட நூலில் திணறும்.

சொல்லடைவில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்வார்கள். ஒருங்குறியின் எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அன்று. அதில் 'ந'வை அடுத்தே 'ன' வரும், 'ர'வை அடுத்தே 'ற' வரும். புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் நிற்கும். அந்த வரிசையில் அடுக்கினால் 'மின்மாற்றி' முன்னும் 'மிளிர்வு' பின்னும் வரும். 'படம்' முடிந்த பிறகு 'பட்டை' வரும். அகராதி பார்த்துப் பழகியவருக்கு இரண்டும் தலைகீழ். எந்த மென்பொருளானாலும் இந்த நான்கு சொல்லை இட்டு அடுக்கிப் பார்த்துவிட வேண்டும். தவறாக வந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைக்கென்று தனி வடிவம் கொடுக்கும் வசதி இன்டிசைனிலும் லேட்டெக்கிலும் உண்டு. சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

படங்களைக் கோப்புக்குள் ஒட்டாமல் வெளியே வைத்து இணைப்பதே முறை. படத்தைத் திருத்தினால் பக்கத்தில் அதை எளிதில் புதுப்பித்துக்கொள்ளலாம். கோட்டோவியங்களை இங்க்ஸ்கேப் போன்றவற்றில் வெக்டராக வரைய வேண்டும். புகைப்படம் அச்சாகும் அளவில் 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும், 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 1,180 புள்ளி. கைப்பேசியில் ஒருவர் அனுப்பி இன்னொருவர் மறுபடி அனுப்பிய படம் இந்த அளவைத் தேறுவது அரிது.

முடிவு செய்யும் முன் நூலின் மிகக் கடினமான இயலை எடுத்து 16 பக்கம், அதாவது ஒரு பாரம், அமைத்துப் பார்க்க வேண்டும். பக்கம் தாண்டும் அட்டவணை ஒன்றும் மிக அகலமான படம் ஒன்றும் அதில் இருக்கட்டும். பிறகு நடுவில் ஒரு படத்தைப் புகுத்தி, எல்லா எண்ணும் சரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். அந்தப் பி.டி.எஃப்.இலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டித் தமிழ் உடையாமல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அமைப்பாளர் கைக்குப் போகும் நூலுக்கு இன்டிசைன், ஆசிரியரே அமைக்கும் நூலுக்கு லேட்டெக். எதுவானாலும் அச்சகத்துக்குத் தரும் பி.டி.எஃப்.ஓடு மூலக் கோப்பு, படக் கோப்புறை, எழுத்துரு ஆகியவற்றையும் பதிப்பகம் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பதிப்பு அவற்றிலிருந்துதான் தொடங்கும்.